கால் குறைத்த மேஜை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நீ சொல்லும் சுகத்தில் பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாள். தம்பி ஒழுங்காக வேலைக்குப் போவதாகச் சொல்கிறான், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சங்கதி நடந்தது. புதிதாக வந்த டீச்சர், குளத்துத் தண்ணீரை ஆராய்ச்சி செய்யப் போகிறோம், எந்த வருஷத்துப் பிள்ளையும் சேரலாம், மார்க் பார்க்க மாட்டோம் என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் நான், எனக்கா தெரியாது. துறைத்தலைவர் முதலில் நாலு பேரை முடிவு செய்வார், அதற்குப் பிறகுதான் அறிவிப்பு பலகைக்கு வரும். இதுவும் கண்துடைப்புதான் என்று நினைத்தேன், அந்தம்மா எல்லோரிடமும் சிரித்துப் பேசியது வேறு எனக்கு உறுத்தியது. மேஜை துடைக்கிற சாக்கில் விண்ணப்பக் கட்டைப் புரட்டினேன், தப்புதான். சக்கர நாற்காலியில் வரும் முதலாண்டுப் பெண்ணின் தாள் மட்டும் சிவப்பு மையில் சுழித்துத் தனியாகக் கிடந்தது. கழித்துக்கட்டிவிட்டார் என்றே நினைத்தேன், மனசு கேட்காமல் போய்க் கேட்டே விட்டேன். அந்தம்மா கோபிக்கவில்லை. "அண்ணே, மேஜை உசரமா இருக்கு, கை எட்டாதுன்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கு. ஒரு மேஜையோட காலை அறுத்துத் தர முடியுமான்னு உங்ககிட்ட கேக்கத்தான் தனியா எடுத்து வச்சேன்" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுநாளே தச்சரைக் கூட்டிவந்து ஒரு சாண் குறைத்தேன், முழங்கால் இடிக்காமல் இருக்க அடியிலிருந்த இழுப்பறையையும் கழற்றினோம்.

துறைத்தலைவர் வந்து பார்த்தார். "நாலு மணிக்கு வண்டி வந்தா கெளம்பிடுற பொண்ணு. ஆர்வம் இல்லாதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார். உன்னையும் இதே வார்த்தை சொல்லித்தான் நீ இங்கே படித்தபோது ஆராய்ச்சியில் சேர்க்காமல் தள்ளினார், நான் துணியும் கையுமாகப் பக்கத்தில் நின்றிருந்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க வேறு ஆளில்லாமல்தான் நீ நாலு மணிக்கு ஓடினாய். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசம், பெரிய படிப்புப் படித்தவர் சொன்னால் சும்மாவா இருக்கும் என்று, உனக்குத்தான் மனசில்லையோ என்று உன்னையே சந்தேகமாகப் பார்த்தேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன், "ஐயா, அந்த வண்டியை விட்டா அதுக்கு வீட்டுக்குப் போக வழியில்ல. ஆர்வத்தை நாலு மணிக்கு மேலதான் அளக்கணுமா?" என்று. அவர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். டீச்சர், நாலு மணிக்கு மேல் என்றிருந்த ஆராய்ச்சி நேரத்தைப் புதன்கிழமை மதிய வகுப்பு நேரத்துக்கு மாற்றினார், பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அந்தப் பெண்தான் முதல் ஆளாக வருகிறாள். இருந்தாலும் ஆராய்ச்சி அறிக்கை வரும்போது யார் பேரையாவது விட்டுவிடுவார்களோ என்று பட்டியலைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்கு ஞாயிறன்று மறக்காமல் போன் பண்ணு. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு நான் பேசாமல் நின்றது தப்பு. பரவாயில்லைப்பா என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே, யோசித்துச் சொல்.

உன் அப்பா