பொன்னியம்மாவின் கன்னம்

அம்பத்தூர்,
17.11.1974

என் அன்பு மகள் வடிவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த மான்செஸ்டர் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனிமேல் உன்னைத் திட்டப்போகிறேன், அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து படி.

இங்கே நல்ல மழை, ஏரி நிரம்பிவிட்டது, ஸ்டேஷன் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போய் வருவதற்குள் புடவை பாதி சேறாகிவிடுகிறது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று உப்பைக் குறைத்தால் எனக்குத் தெரியாமல் அப்பளம் பொரித்துத் தின்கிறார், வாசனை கிளினிக் அறை வரைக்கும் வருகிறது, கேட்டால் பக்கத்து வீடு என்கிறார். உன் தம்பி உத்தமனுக்கு ஆவடியில் ஷிப்ட் மாறிவிட்டது, அவன் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான், என் ஸ்டெதஸ்கோப்பை வாயில் வைத்துக் கடிக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொன்னியம்மாவை மறந்திருக்க மாட்டாய். போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் பட்டரைவாக்கம் நாகப்பன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன், உடம்பெல்லாம் நீலத்திட்டும் விடாத காய்ச்சலுமாகத் தன் ஆறு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தானே, அவள்தான். ரத்தப் புற்றுநோய் என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிச் சில்லை வைத்து முதலில் பார்த்துச் சொன்னது நீ. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத குழந்தைகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நாம் இரண்டு பேரும் எழுதத் தொடங்கிய கட்டுரைக்கு அவள்தான் முதல் குழந்தை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் எப்போதும் போல அவளுக்கு அகோரப் பசி வந்தது, கன்னம் இரண்டும் உப்பிப் பூரி மாதிரி ஆகிவிட்டது. அது மருந்தின் வீக்கம் என்று நமக்குத் தெரியும். வீட்டில் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள், ஆவடிக்கு அழைத்துக்கொண்டு போய் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிறகு நோய் அடங்கியது, ஸ்டீராய்டை நிறுத்தி, நோய் திரும்பாமலிருக்க நீ அங்கிருந்து அனுப்புகிற மஞ்சள் மாத்திரைக்கு மாற்றினேன், வீக்கம் வடிந்தது, கன்னம் பழையபடி ஒட்டிக்கொண்டது. எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் ரத்தம் அவ்வளவு சுத்தம், எனக்குத் தரையில் கால் பாவவில்லை, அன்றைக்கு அப்பாவுக்கு நானே அப்பளம் பொரித்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு மாதமாக அவர்கள் வரவில்லை. மழையினால் இருக்கும் என்று நினைத்தேன், பிறகு மனது கேட்காமல் நானே ரிக்‌ஷா பிடித்துப் போனேன். உள்ளே நுழைந்தால் பொன்னியம்மா கன்னம் உப்பிப்போய் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறாள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பூந்தமல்லியில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், அவர் பெயரை எழுதி இந்தக் காகிதத்தைப் பாழாக்க மாட்டேன், குழந்தை இளைத்துப்போனதற்கு டானிக் மாத்திரை என்று ஒரு சீசாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் அதே ஸ்டீராய்டு. என்ன நோய் என்று கேட்கவில்லை, என் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை, மஞ்சள் மாத்திரையை மட்டும் அது சூடு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். இவர்கள் அவருக்குத் தட்டில் பழம் வைத்து நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார்கள். தெருவே கூடும்படி கத்தினேன். நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி கெங்கம்மாள்தான் முன்னால் வந்தாள். "இன்னா டாக்டரம்மா இப்டி கத்துறீங்கோ, புள்ள எளச்சி குச்சியாப் பூட்டுது, சோறு போடுறியா இல்லியானு தெருவுல கேக்குறாங்கோ, நீங்க இன்னாடான்னா எலும்புல குத்திப் பாத்துட்டு சிரிச்சிகினு போறீங்கோ, நான் பெத்தவ, எனக்குத் தெரிஞ்சது அவ கன்னந்தானே" என்று அவள் பங்குக்கு அவளும் கத்தினாள். வீங்கினால் மருந்து, வடிந்தால் குணம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆள் மட்டும் அவளிடம் பேசியிருக்கிறார், பேசியது அத்தனையும் பொய்.

வியாழக்கிழமை மறுபடி ஊசி போட்டு எடுத்துப் பார்த்தேன். நோய் திரும்பிவிட்டது. சொன்னபோது கெங்கம்மாள் நம்பவில்லை, "கன்னம் நல்லாத்தானே கீது" என்று குழந்தையின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன். இத்தனை வருஷ டாக்டர், அழக்கூடாதுதான், அழுதேன்.

இந்தக் கோலத்தில் வீடு வந்து சேர்ந்தால் மேஜைமேல் உன் கடிதம். என்ன எழுதியிருக்கிறாய்? மருந்தைத் தாங்களாகவே நிறுத்தியவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் அம்மா, அவர்களை எடுத்துவிட்டால் முடிவு பிரமாதமாக வரும், என் பெரிய டாக்டரும் அதையேதான் சொல்கிறார் என்று. உன் பெரிய டாக்டர் பட்டரைவாக்கத்தைப் பார்த்திருக்கிறாரா? அவர்களை எடுத்துவிட்டால் நம் கட்டுரைக்கும் கன்னம் உப்பும், வடிவு. படிக்கிறவர்கள் மெச்சுவார்கள், அதை நம்பி இன்னொரு ஊரில் ஒரு டாக்டர் இதே மாதிரி மருந்து கொடுப்பாள், அங்கேயும் ஒரு கெங்கம்மாள் இருப்பாள். நம் மருந்து தோற்ற இடம் எது என்று அந்த டாக்டருக்கு யார் சொல்வது? வீக்கத்தைப் பார்த்துக் கெங்கம்மாள் ஏமாந்தாள், அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பூந்தமல்லிக்காரரைத் திட்டிய வாயால் பெற்ற பெண்ணையும் திட்ட வைத்துவிட்டாயே.

பொன்னியம்மாவுக்கு முதலிலிருந்து மருந்து தொடங்கிவிட்டேன். இரண்டாம் தடவை அடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடவை கெங்கம்மாளை எதிரில் உட்காரவைத்து, கன்னம் ஏன் உப்பும், எப்போது வடியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். யோசித்துவிட்டு, "எளச்ச மூஞ்சிய யாராச்சும் மாட்டுவாங்களா" என்றாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், சாப்பிடாமல் இருந்துவிடாதே. வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கம்பளி கட்டிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். உன் அத்தை மகன் தசரதன் பொங்கலுக்கு லண்டனிலிருந்து வருகிறானாம், மஞ்சள் மாத்திரையை அவனிடம் கொடுத்தனுப்பு, மறக்காதே. பொன்னியம்மாவின் பங்கையும் சேர்த்து அனுப்பு, அவள் கணக்கில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
முத்தம்மாள்