ஒன்றரை மணிக்கு நான் செய்யாத அழைப்பு

என் சரோஜா,

குறிப்பு எழுதிக்கொள்ளாமல் எனக்கு ஒரு கடிதமும் வராது என்று உனக்குத் தெரியும். இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் எழுதியது:

1. மாடி வீட்டு பஷீர் பாய்க்கும் உனக்கு வந்த அதே இரத்தப் புற்று. அதே ஊசி.
2. உனக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் போன் செய்யவில்லை.
3. நல்லவேளை, அவர்களே தற்செயலாக அழைத்தார்கள்.

பாயின் மகள் வேலைக்குப் போவதால் துணைக்கு நான் போனேன். "இன்னா சார், ஊசி எனக்கு, உதறல் உங்களுக்கா?" என்றார்.

உனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். இந்த ஊசியில் இருக்கும் ஆன்டிபாடி என்ற மருந்துக்கு இரண்டு கை. ஒன்று புற்றுச் செல்லைப் பிடிக்கும். மற்றது நம் உடம்பின் காவல் செல்லை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தும். புற்றைக் கொல்வது நம் செல்தான்.

"கல்யாணத் தரகர்னு சொல்லுங்க" என்றாய் நீ அன்று.

"இது கொலை, சரோஜா."

"இத்தனை வருஷமாச்சு, இன்னும் வித்தியாசம் தெரியுதா உங்களுக்கு?"

காவல் செல்கள் கிளர்ந்தால் காய்ச்சல் வரும், உடனே அழையுங்கள் என்று உனக்கு ஊசி போட்டு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவனே நான். அன்று பன்னிரண்டரைக்கு 100.8. ஒரு மணிக்கு 101.2. ஒன்றரைக்கு 102. எல்லாவற்றையும் நோட்டில் அழகாக எழுதினேன். டாக்டர் சாப்பிடும் நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். நடுங்கிக்கொண்டே நீ ஒருமுறை பாத்ரூம் போய் வந்தாய். உன் உயிரைவிட ஒருவருடைய சாப்பாடு எனக்கு எப்படிப் பெரிதாயிற்று?

ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி நர்ஸிடமிருந்து போன். "அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கா?" நோட்டைப் பார்த்து ஒப்பித்தேன். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போவதற்குள் உன் இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பிழைத்தாய். அதன்பின் இரண்டு வருடம் இருந்தாய்.

நம் மகளிடம், "நான்தான் உடனே போன் செய்தேன்" என்றேன். நீ பக்கத்திலேயே இருந்தாய். "ஆமா, அப்பாதான்" என்றாய்.

இன்று அந்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா மாதிரி வருமா சார்? அன்னிக்கு பாத்ரூம்ல இருந்து போன் பண்ணாங்க. 'அவர் கூச்சப்படுறாரு சிஸ்டர், நீங்களே கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க'ன்னாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை. பஷீர் பாய் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த மாதிரி ஆளு இல்ல சார். நீங்கதான் கீறீங்க" என்றார்.

ஊசி போட்டாயிற்று. அவர் வீடு திரும்பியபின் பகலெல்லாம் நான்தான் கூட இருக்கப்போகிறேன். காய்ச்சல் என்று தெரிந்த நிமிடமே, டாக்டர் கையில் சோறு இருந்தாலும் அழைப்பேன். நம் மகளிடமும் இன்றே உண்மையைச் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது குறிப்பு தவறு, சரோஜா. தற்செயலாக யாரும் அழைக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்,
சதாசிவம்