எங்கள் தண்ணீரும் புஸ்பத்தின் வயலும்

04.05.2009
நேற்று எங்கள் தண்ணீர் முறை. வயல் முட்ட நிரப்பிவிட்டு வந்தோம். இன்று போய்ப் பார்த்தால் பயிரின் காலடியில் வெறும் சேறு! கீழே புஸ்பத்தின் வயலில் கொக்கு மீன் பிடிக்கிறது. அவளுக்கு இன்னும் முறையே வரவில்லை.

அப்பா சீதனமாகப் பிரித்துத் தந்த வயல். மேல் துண்டு எனக்கு, கீழ்த் துண்டு தங்கச்சி புஸ்பத்துக்கு. நடுவில் ஒரே வரம்பு.

"உண்ட வயல்ல எப்பிடி கா தண்ணி?" என்று கேட்டேன்.

"எண்ட வயல் நல்ல வயல் கா."

கொழுப்பைப் பார்.

07.05.2009
புஸ்பத்தின் புருசன் தவராசாதான் ஆளில்லாத நேரம் பார்த்து வரம்பை வெட்டி விடுகிறான். வேறு யார்? இவரிடம் சொன்னேன். "சே, தவராசா அப்பிடிச் செய்யமாட்டான்" என்கிறார். அவனுடைய நிழலைக் கண்டாலே முகம் சுழிக்கிற மனுசன், எப்போதிருந்து அவனுக்காக வாதாடுகிற அப்புக்காத்து ஆனார்?

15.05.2009
வயல் வெடிக்கத் தொடங்கிவிட்டது. இடம்பெயர்ந்து போனதிலிருந்து நிவாரண அரிசியும் கடை அரிசியும்தான். இந்தச் சிறுபோகமாவது சொந்த நெல்லில் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும். அது பெரிய ஆசையா?

19.05.2009
யுத்தம் முடிந்துவிட்டதாம், றேடியோவில் சொன்னார்கள். அடுப்படியில் இருந்து அழுதேன். இன்று யாரோடும் சண்டை பிடிக்க மனம் வரவில்லை.

23.05.2009
இன்று சண்டைக்கு மனம் வந்தது.

கோயிலுக்குக் கட்டிய சாறியோடு நேரே வயலுக்குப் போனேன். நடு வரம்பில் ஏறி, கீழே நின்ற புஸ்பத்தைப் பார்த்து, "இஞ்ச வா கா, தண்ணிக் கள்ளி!" என்று கத்திக் காலால் ஓங்கி உதைத்தேன். வரம்பு பொலபொலவென்று விட்டுப்போய், தொபுக்கடீர் என்று அவளுடைய வயலுக்குள் முகம் குப்புற விழுந்தேன். நேற்று முறைக்குப் பாய்ச்சியதில் என் வயலில் மிஞ்சியிருந்த தண்ணீரும் என் முதுகின் மேலேயே ஓடியது. புஸ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துத்தான் தூக்கிவிட்டாள், பாவி.

எழும்பிப் பார்த்தால், உடைந்த இடத்தில் வரம்பு ஒரு சாண்கூட இல்லை. உள்ளே எலி வளையும் நண்டு வளையும். அப்பா காலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் நெல்லு மூட்டையோடு போய்வந்த வரம்பு! மீதி எங்கே?

இரண்டு ஆம்பிளைகளையும் கூப்பிட்டோம். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"நான் கொஞ்சந்தான் செதுக்கினன். அண்ணனும் செதுக்கினவர்தானே?" என்றான் தவராசா.

"நான் புல்லுத்தான் செதுக்கினன்" என்றார் இவர்.

புல்லாம்! போகத்துக்குப் போகம் ஆளுக்கொரு பக்கமாய் மண்வெட்டியால் வழித்து வழித்து, காணியை அகலப்படுத்தியிருக்கிறார்கள். மற்றவன் காணாமல் செய்கிறோம் என்று இருவருக்கும் நினைப்பு. ஒருவரும் தண்ணீரைத் திறந்து விடவில்லை. அது தானாகவே கசிந்து போயிருக்கிறது. புஸ்பத்தின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

26.05.2009
வரம்பு கட்டுகிறோம். ஆளுக்கு ஓரடி நிலம் விட வேண்டும் என்று நானும் புஸ்பமும் சொல்லிவிட்டோம்.

"காணி குறைஞ்சிருமே!" என்று இவர் முனகினார்.

"மறுகா, சோறு குறைஞ்சாப் பரவால்லயா?" என்றேன்.

வளைகளைத் தோண்டிக் களிமண் அடைத்தார்கள். சேற்றைப் போட்டு இருவரும் தோளில் கைபோட்டு மிதித்தார்கள். கை எடுத்தால் விழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பக்கமும் சேறு பூசி மெழுகினோம்.

02.06.2009
தண்ணீர் நிற்கிறது. இன்றும் நிற்கிறது! காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

19.06.2009
பயிர் குடலை தள்ளுகிறது, கதிர் வரப்போகிற நேரம். இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதர்தான். புஸ்பத்தின் வயல் வெடித்துக் கிடக்கிறது. இவ்வளவு நாளும் என் வயலின் கசிவில்தான் அவள் பயிர் பிழைத்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைவு, அவளுடைய முறை பிந்தும் என்று தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை சொல்லிவிட்டாராம். அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சோறு இறங்கவில்லை.

21.06.2009
எங்கள் முறை. வயல் நிரம்பும்வரை நின்றேன். பிறகு மண்வெட்டியை எடுத்து, புது வரம்பில் நானே வக்கடை வெட்டினேன். தண்ணீர் புஸ்பத்தின் பக்கம் பாய்ந்தது. இவர் வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

புஸ்பம் கீழே நின்று பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

"இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டன் கா" என்கிறாள்.

மூதேவி. வெட்டினேன்.