கான்டெசா விற்பனைக்கு இல்லை

பாகலூர் ரோடு, ஓசூர்
19.8.2007

அன்பு மகன் சுபாஷுக்கு அப்பா எழுதுவது. மலைக்கோயில் சாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், ஷார்ஜா வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். பழைய கார் சாமான் கடை வைத்திருக்கும் நம் தஸ்தகீர் பாயின் மகள் ஸோயா, மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது உனக்குத் தெரியும், ஆனால் கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பது தெரியாது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது, நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் முடிவைச் சொல்கிறேன், காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு. நம் கான்டெசா காரை விற்க மாட்டேன். அம்மாவுக்குத் தலையில் அடிபட்டதற்கு நீ வண்டியைக் குற்றம் சொல்கிறாய். குற்றம் வண்டி மேல் இல்லை, பின்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்காகக் கட்டுகிற இரும்புப் பட்டை மேல். கம்பெனியில் நான் டிரைவராக ஓட்டியபோது அந்த வண்டியின் டிக்கியில் வார்ப்பு இரும்புச் சாம்பிள் ஏற்றுவார்கள், அதற்காகப் பின்பக்கம் கனத்த பட்டைகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். கம்பெனி மூடி வண்டி நம் வீட்டுக்கு வந்த பிறகு அதில் பாரம் என்று சொல்ல நாங்கள் இரண்டு பேர்தான். குலுங்குகிறது என்று அம்மா சொன்னதும் பைபாஸ் ஓரம் லாரிக்குப் பட்டை கட்டுகிற திம்மப்பனிடம் போனேன். லாரி ஓடுகிற ஊரில் எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் மருந்து ஒன்றுதானே, இன்னொரு பட்டை சேர்ப்பது. ஒண்ணு சேத்துக் கட்டிட்டா கல்லு மாதிரி நிக்கும்ணா என்றான். கல்லு மாதிரியேதான் நின்றது. அடுத்த முறை கெலமங்கலத்தில் இருக்கும் உன் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம், சானமாவுக் காட்டுக்குள் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அம்மா பின்சீட்டிலிருந்து எழும்பிக் கூரையில் போய் இடித்துக்கொண்டாள். இனிமே இதுல ஏறுனா என் பேரு நஞ்சம்மா இல்ல என்று சொல்லி அங்கேயே இறங்கி, யான வந்தாலும் வரட்டும் நான் பஸ்ஸுல போறேன் என்று ரோட்டோரம் நின்றுகொண்டாள். அன்று முதல் வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடிதான் போய்வந்தாள். வண்டி வாசலில் சும்மா நிற்க, அவள் பஸ்ஸுக்குப் போவதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது. அது உனக்குத் தெரியாது, நீ ஒரே வார்த்தையில் வித்துடு என்றாய்.

அதற்கு முன்னால் நீயே என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். தரையோடு படுத்த மாதிரி ஒரு நீலக் கார் போட்டோ அனுப்பி, இந்த மாதிரி குட்டை ஸ்பிரிங் வாங்கி அனுப்புகிறேன், மஸில் கார் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்றாய். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த நீள மூக்கும் அகலத் தோளும் தாழ்ந்து நின்றால் பார்க்கிறவன் வழிவிடுவான். ஆனால் நம் தெருவில் சாக்கடை மேல் போட்ட கல்லைத் தாண்டுவதற்குள் அதன் வயிறு கிழிந்துவிடும் மகனே, அதையும் நீ யோசித்திருக்கலாம்.

சரி, எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னத்த வேணா மாத்திக்க, மொதல்ல ஒரு தடவ பின்னாடி குந்திப் பாருய்யா, முன்னாடி குந்திக்கினு இருக்கிறவனுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், பின்சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. டிரைவர் பின்னால் உட்காரக் கூடாது என்பது கம்பெனிப் பழக்கம், வண்டி சொந்தமான பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. உன் அம்மாவோ மேனேஜர் வீட்டம்மா மாதிரி பின்னாடிதான் உட்காருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டவள். அதனால் தஸ்தகீர் பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஏறினேன். சானமாவு வந்ததும், பாய் மெதுவா போங்க என்று கத்தினேன். மெதுவாத்தான் போறேன் சென்னப்பா, நீதான் மேல போற என்றார்.

அதன் பிறகு எந்தச் சாமானையும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெங்களூரில் ஒரு கடையில் கேஸ் ஷாக் அப்சார்பர் போட்ட கார் ஒன்றைக் காட்டினார்கள். கடைக்காரப் பையன் முந்தெ குத்கொள்ளி அஜ்ஜா என்று முன்கதவைத் திறந்து உட்காரச் சொன்னான், நான் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன், கடையே சிரித்தது. சிரிக்கட்டும். நல்ல ரோட்டில் வழுக்கிக்கொண்டுதான் போனது, ஒரு பள்ளம் வந்ததும் திம்மப்பனின் கல்லுதான் மறுபடியும். கடைப் பையனோ, ரேஸுக்கு இதை அடிக்க ஆளில்லை என்றான். உன் அம்மா ரேஸுக்குப் போகவில்லை, கெலமங்கலத்துக்குப் போகிறாள்.

கடைசியில் என் இஷ்டப்படி செய்தேன். திம்மப்பன் சேர்த்த பட்டையையும் கம்பெனிக் காலத்துக் கனத்த பட்டைகளையும் கழற்றச் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எங்கப்பன் காலத்துல இருந்து பட்டைய சேக்கறதுதாண்ணா தெரியும், எடுக்கறது தெரியாது, ஊரு சிரிக்கும் என்றான். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நீ கழற்று என்றேன். மிச்சப் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் வைத்து, பட்டை மாட்டும் இடத்து புஷ் எல்லாம் புதிதாக மாற்றி, பாய் தேடிக் கொடுத்த மெத்தென்ற ஆயில் ஷாக் போட்டோம். முன்பக்கம் பழைய உயரத்திலேயே புது ஸ்பிரிங், உன்னுடைய குட்டை ஸ்பிரிங் இல்லை. நஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். வளைவில் வண்டி கொஞ்சம் சாய்கிறது, டிக்கியில் பாரம் ஏற்ற முடியாது. திம்மப்பன் தக்காளிக் கூடை ஏற்றக் கேட்டான், முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ லீவில் வந்து வேகமாக ஓட்டிக் காட்டலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது.

மறுபடியும் பாயை ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்கார்ந்து போய்வந்தேன். பிறகு அம்மாவிடம், ஒரே ஒரு தடவை ஏறு, பிடிக்கவில்லை என்றால் சானமாவிலேயே இறங்கிக்கொள் என்றேன். முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். வேகத்தடை வந்தது, போனது, சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். உத்தனப்பள்ளியில் கெலமங்கலத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் விழித்துக்கொள்வாளோ என்று நேராக ராயக்கோட்டை வரைக்கும் ஓட்டிவிட்டேன். விழித்ததும், எந்த ஊருக்குய்யா இஸ்துக்கினு வந்த என்று கேட்டுத் திட்டினாள். அந்தத் திட்டு எனக்குச் சர்க்கரை.

வண்டியை வாங்க நீ ஏற்பாடு செய்த ஆள் நேற்று வந்தான். நல்ல மனுஷன்தான், உன் மேல் மரியாதை வைத்துப் பேசினான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஏம்மா, வண்டியப் பாக்கணும், கொஞ்சம் எறங்குங்க என்றான். நீ பாத்துக்கப்பா, நான் எறங்க மாட்டேன் என்றாள். டீ குடித்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை அவள் இறங்கவில்லை. இனி யாரையாவது அனுப்புவதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டு அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள், சம்பாதித்ததைப் போட்டோவில் பார்த்த சாமானுக்கெல்லாம் செலவழிக்காதே. சாமி உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், அம்மாவும் அப்படியே ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். மறக்காமல் கடிதமாகவே பதில் போடு, எழுத்தைக் கோத்து எழுதாமல் பெரிதாகப் பிரித்து எழுது, நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அப்பா
மு. சென்னப்பன்