ட்ரீமாவுக்கு வாங்கின ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கி

கென்டக்கி
ஆகஸ்ட் 1986, திங்கட்கிழமை

அன்பு மகன் லோவலுக்கு அம்மா எழுதுறது. நாங்க மூணு பேரும் உசுரோட இருக்கோம், யார் மேலயும் ஒரு கீறல் கிடையாது, அத முதல்லயே சொல்லிடுறேன். மிச்சத்த எங்கயாவது உட்கார்ந்து படி. ஜெர்மனியில பட்டாளத்துல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கால் நனையாம, நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். சிவப்புப் பசு கன்னு போட்டுது, காளைக்கன்னு. பீன்ஸ் நல்லா காய்ச்சிருக்கு, பெருச்சாளி மாதிரி வளை தோண்டுற அந்த கிரவுண்ட்ஹாக் பாதி வரிசைய மொட்டையடிச்சதுக்கு அப்புறமும்.

அந்தப் பாழாப்போன கிரவுண்ட்ஹாக்காலதான் எல்லாம். போன கடுதாசியில, ட்ரீமாவுக்குப் பதினொரு வயசு ஆச்சே, அணில் வேட்டைக்கு என் பாயிண்ட் டூ டூ துப்பாக்கிய அவளுக்குக் குடுத்திடுங்கன்னு எழுதியிருந்தே பாரு, அத உங்கப்பா சத்தமா படிச்சதும் உன் தங்கச்சி வீடெல்லாம் குதிச்சா. நேத்து ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்ததும் வராததுமா, சட்டையக்கூட மாத்தாம, உங்கப்பா அத சுவத்துலேர்ந்து இறக்கிட்டார். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. உள்ள ஒண்ணும் இல்லாம விசைய இழுத்தா, தோட்டாவ அடிக்கிற ஊசி போய் இரும்பு விளிம்புல மோதி மழுங்கிடும்னு, எப்பவும் சுட்ட தோட்டாவோட வெத்துப் பித்தளைக் கூட்ட உள்ள விட்டே மாட்டி வைக்கிறது. பிள்ளைங்க சமையலறைக் கதவு நிலையில இருக்கிற ஆணிய குறி பாத்து டிக்கு டிக்குன்னு விசை இழுத்துப் பழகுறது. நீ பழகினே, உங்கப்பாவும் அவர் அப்பா வீட்டுல அப்படித்தான். இந்தப் பள்ளத்தாக்குல எந்த வீட்டுலதான் அது இல்ல? இரும்புக்கு வலிக்கக்கூடாதுன்னு அத்தனை பேருக்கும் அத்தனை கரிசனம்.

உங்கப்பா வியாழக்கிழமை பீன்ஸ் பக்கம் அந்தச் சனியனப் பாத்துட்டு, கூட்ட வெளிய எடுத்துட்டு ஒரு நிஜத் தோட்டாவப் போட்டுக்கிட்டு ஓடியிருக்கார். அது வளைக்குள்ள பூந்துடுச்சு. அந்நேரம் பாத்து பசு கத்த ஆரம்பிச்சிருக்கு, கன்னு வர்ற நேரம், தோட்டாவ எடுக்க மறந்து துப்பாக்கிய அப்படியே மாட்டிட்டு கொட்டகைக்கு ஓடிட்டார். ஞாயித்துக்கிழமை அவர் போல்ட்டுத் தாழ்ப்பாள பாதி இழுத்துப் பாத்தார், பாக்காம இல்ல. உள்ள பித்தளை மஞ்சளா தெரிஞ்சுது. வேற எந்த வீட்டுலயும் பித்தளை தெரிஞ்சா ஐயோன்னு பதறுவாங்க. நம்ம வீட்டுல பித்தளை தெரிஞ்சா, ஆமா, கூடு இருக்கு, சரின்னு நிம்மதி. இந்தா பிடி, ஆணியப் பாத்து மெதுவா இழுன்னு குடுத்துட்டார்.

நான் கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்புக்குள்ளேர்ந்து சோளரொட்டிய எடுக்கக் குனிஞ்சிருந்தேன். குனிஞ்சதாலதான் இத எழுதுறேன். அவ விசைய இழுத்ததும் தோட்டா பலகைச் சுவத்தத் துளைச்சுக்கிட்டு வந்து, உப்பு ஜாடி தூள் தூளாச்சு. என் முதுகெல்லாம் உப்பு. நிமிர்ந்து நின்னிருந்தா அந்த ஓட்டை என் காதுக்கு நேரா இருக்கு, நான் நின்னு பாத்துட்டேன், பாக்காம இருக்க முடியல. ஐயோ லோவல்! உங்கப்பா அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். ட்ரீமா ஓடிப்போய், தூண் மேல நிக்கிற வீட்டுக்கு அடியில பூந்துக்கிட்டா. அங்கேர்ந்து, அம்மா நீ இருக்கியா, அம்மா நீ இருக்கியான்னு குரல் மட்டும் வருது. இருக்கேன்டி, உப்புதான் போச்சு, வெளிய வாடின்னு நானும் தரைப் பலகையில வாய வச்சு கத்துறேன். வர மாட்டேன்னுட்டா. கடைசியில நான் சர்ச்சுக்குப் போட்டிருந்த நல்ல கவுனோட தவழ்ந்து உள்ள போய், அவ கையப் பிடிச்சு என் மூஞ்சியில வச்சதுக்கு அப்புறம்தான் நம்பினா.

உடனே எல்லாத் துப்பாக்கியையும் ஆத்துல எறியுங்கன்னு உங்கப்பாகிட்ட கத்தினேன்.  ஆனா ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். வர்ற சனிக்கிழமை அணில் வேட்டை சீசன் ஆரம்பம், இந்த ஊருப் பிள்ளைங்க அத்தனையும் காட்டுல இருக்கும். நான் பயந்து வீட்டுல பூட்டி வச்சா, ஒரு நாள் இல்ல ஒரு நாள் மாமன் பசங்களோட கிளம்பிடுவா, அங்க எந்தத் துப்பாக்கியில என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா? எனக்கு ரெண்டு பக்கமும் பயம்தான். அதனால இன்னிக்குக் காலையில கிளெட்டஸோட துப்பாக்கிக் கடைக்கு நானே போனேன். அவன் பதினாலு தோட்டா போடுற தானியங்கி ஒண்ணு, கீழ நெம்புகோல் வச்சது ஒண்ணு, எல்லாத்தையும் மேசையில பரப்பிட்டு, ஓனாக்கா, உங்களுக்கு எப்படிப்பட்டது வேணும்னான். ரெண்டு தடவ யோசிக்காம சுடவே முடியாதது வேணும்னேன். அப்ப விளக்குமாறுதான் சரி, பின்னாடி அலமாரியில இருக்குக்கான்னு சிரிச்சான் பாவி. நான் சிரிக்கல. அப்புறம் அவனும் சிரிப்ப நிறுத்திட்டு, உள்ளேர்ந்து குட்டையா ஒண்ணு கொண்டுவந்தான். ஒரு நேரத்துல ஒரே தோட்டா, கையால வைக்கணும், மூடினா மட்டும் சுடாது, பின்னாடி இருக்கிற குமிழ விரலால பிடிச்சு இழுத்தாதான் தயாராகும். தோள்ல அணைக்கிற கட்டை ட்ரீமாவுக்குச் சரியா இருக்கு. அதத்தான் வாங்கினேன். உங்கப்பா பாத்துட்டு, பொம்மைன்னு சொல்ல வாயெடுத்தார், சுவத்து ஓட்டையப் பாத்தார், வாய மூடிக்கிட்டார்.

ட்ரீமா தொட மாட்டேன்னா. மதியம் நானே மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க நான் நீட்டினதும் மெதுவா வாங்கினா. போல்ட்ட முழுசா திறந்து, உள்ள பாத்தா, பாத்தது போதாதுன்னு சுண்டுவிரல் நுனிய தோட்டா வைக்கிற ஓட்டையில வச்சுத் தடவினா. மூடினா, திரும்பத் திறந்து திரும்பத் தடவினா. ஏன்டின்னு கேட்டேன். கண்ணு ஏமாந்துடும்மா, அப்பா கண்ணால பாத்துட்டுதானே குடுத்தாருன்னா. அதுக்கப்புறம் ஒரு தகர டப்பாவ நாலு தடவ அடிச்சா. சனிக்கிழமை போறா, நானும் கூடப் போறேன். 

இப்ப உனக்கு ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இத்தனையும். நீயும் இந்த வீட்டுப் பிள்ளை. பித்தளையப் பாத்து நிம்மதியாகுற பழக்கம் உன் கையிலயும் கண்ணுலயும் இருக்கு, நீ அங்க நாள் முழுக்கத் துப்பாக்கியோடதான் நிக்கிறே. அத நினைச்சா எனக்குச் சோறு இறங்கல கண்ணு. பக்கத்துல எந்த அம்மா குனிஞ்சிருக்காளோ, நிமிர்ந்திருக்காளோ. இங்க கத்துக்கிட்டத மறந்துடு. உன் தங்கச்சி மாதிரி விரல வச்சுப் பாரு, யாரு சிரிச்சாலும் பாரு.

உன் பழைய துப்பாக்கி சுவத்துலதான் இருக்கு. உள்ள இருந்த கூட்ட உங்கப்பாவே எடுத்து எறிஞ்சுட்டார், ஊசி மழுங்கினா மழுங்கட்டும்னார். கர்த்தர் உன் தலைமேல கை வச்சுக் காப்பாத்தட்டும். கம்பளிக் காலுறை தனியா அனுப்புறேன், போட்டுக்கோ. சுவத்து ஓட்டைய அடைக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன், கிறிஸ்துமஸுக்கு வந்ததும் நீ பாக்கணும்.

இன்னும் உசுரோட இருக்கிற,
உன் அம்மா ஓனா