முதல் பாடம்: எனக்கு வேணும்

ஜனவரி 20, திங்கள்

இன்று வீடியோ கோலில் நெரிஸ் வந்தார். என் மகள் கோசிகா கட்டப்போகும் டாவித்தின் தாய். வேல்ஸில் கார்மார்தன் பக்கம் இருக்கிறார்கள். சுகமாக இருக்கிறீர்களா, அங்கே குளிரா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நான் ஆங்கிலத்தில் கேட்டதை என் மகள் ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொன்னாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அம்மா, நீங்கள் சும்மா சிரிச்சுக்கொண்டிருங்கோ, நான் கதைக்கிறன்” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தாடை நொந்துபோயிற்று.

டொக்டரிடம் போனாலும் அவள்தான் பேசுவாள். கவுன்சிலிலும் அவள்தான். ஜெர்மனியிலிருந்து இல்ஃபோர்ட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது, அன்று தொடங்கியது. டோர்ட்மண்டில் ஹோட்டல் சமையலறையில் ஜெர்மன் மொழியான டொச் பேசி, மனேஜரோடு சண்டையே பிடித்தவள் நான். லண்டனில் எனக்கு வாய் இல்லை என்று யார் முடிவெடுத்தது?

கோலை வைக்குமுன் நெரிஸும் டாவித்தும் தங்களுக்குள் வெல்ஷில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கோசிகா ஒன்றும் விளங்காமல் முழித்தாள். அதைப் பார்க்க எனக்கு — சொன்னால் பாவம் — சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

வெல்ஷ் பாடம் ஒன்றைப் போனில் இறக்கிவிட்டேன். காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லும் பாடம். எழுத வேண்டாம், மனப்பாடம் செய்ய வேண்டாம், பிழைவிட்டால் பரவாயில்லை என்கிறார் அந்த ஆள். பிழைவிட்டால் பரவாயில்லை என்று இந்த ஊரில் எனக்குச் சொன்ன முதல் மனிதர்.

தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டது: வடக்கு வெல்ஷா, தெற்கு வெல்ஷா? இலங்கையின் வடக்கு முனையில், பருத்தித்துறையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது. வடக்கை அமத்தினேன்.

முதல் வசனம்: டு ஈ இஷோ ஷாராட் கம்ராய்க். எனக்கு வெல்ஷ் பேச வேணும்.

வணக்கம் இல்லை, மன்னிக்கவும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே “எனக்கு வேணும்”. எனக்கு இந்த மொழி பிடித்துவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

வேலைக்குப் போகிற பஸ்ஸில் பாடம். நாக்கை மேலே ஒட்டி, பக்கத்தால் காற்றை ஊதுகிற ஒரு சத்தம் இருக்கிறது. நாலைந்து முறை ஊதினேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி மேல்தட்டுக்குப் போய்விட்டார். நல்லதாய்ப் போயிற்று, அந்த சீட்டில் பையை வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

என் கூடப்பிறந்த பத்மநாதன் அண்ணை பிளேஸ்டோவிலிருந்து மச்சாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜூன் எட்டாம் திகதிக் கல்யாணத்துக்குக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மண்டபம் கிடைத்துவிட்டது. யார் யாருக்குச் சொல்வது, எந்த ஐயர், என்ன சாப்பாடு — எல்லாம் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்: “தாரை வார்க்கிறது நானும் இவளும் செய்யிறம். நீ மணவறைப் பக்கம் வராதை, நகுலா. சனம் கதைக்கும்.”

கோசிகாவின் அப்பா போய் ஆறு வருடம். ஆகவே பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் நேரத்தில் நான் கீழே கதிரையில் இருக்க வேண்டும்.

சரி என்று தலையாட்டி, “ஓம்” என்றேன். கோசிகாவைப் பார்த்தேன். “மாமா சொல்லுறபடியே செய்வமே அம்மா, ஏன் வீண் பிரச்சினை” என்றாள்.

ஏன் ஓம் எண்டு சொன்னனான்? பெத்தது நான். டயாலிசிசுக்கு அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சது நான். அந்தாள் செத்துப்போனதுக்கு நான் என்ன செய்ய ஏலும்? நான் என்ன துடக்கா, தீட்டா?

பிப்ரவரி 9, ஞாயிறு

பாடம் செய்யவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

செய்தேன். கோபத்தோடு செய்தால் அந்த ஊதுகிற சத்தம் நன்றாக வருகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

பேக்கரியில் என்னோடு பாண் பொதி செய்கிற றொசாந்தி நான் வெல்ஷ் படிப்பதைப் பார்த்து இந்த மாதம் முழுக்கச் சிரித்தாள். “இங்கிலிஷையே நொண்டி நொண்டிக் கதைக்கிறம், இதுக்குள்ள இது வேறையா அக்கா?” இன்று தேத்தண்ணி நேரத்தில் பக்கத்தில் வந்திருந்து, தன் பிள்ளையின் ஸ்கூலில் ஸ்பானிஷ் தொடங்கிவிட்டார்களாம், தனக்கும் ஏலுமா என்று மெல்லக் கேட்டாள்.

எனக்கு வாய் திறந்துகொண்டது. “முதல்ல சத்தமாச் சொல்லு. மனசுக்குள்ள சொன்னால் அது கணக்கில்லை. வோஷிங் மெஷினோட கதை, அது திருப்பிச் சிரிக்காது. விளங்காட்டி திரும்பப் போடாதை, அடுத்ததுக்குப் போ. சொல்லு வராட்டி கையில இருக்கிற வேற சொல்லைப் போடு, வசனத்தை மட்டும் நடுவில விடாதை. மறந்துபோகும். எல்லாருக்கும் மறக்கும். அடுத்த நாளும் போய் இரு.”

“சிரிச்சால்?”

“சிரிக்கட்டும். அவைக்கு எத்தினை மொழி தெரியும் எண்டு கேள்.”

இதையெல்லாம் எனக்கு நானே சொன்னேனா என்று பிறகு யோசித்தேன். ஓம், எனக்கும்தான்.

மார்ச் 22, சனி — கார்மார்தன்

நெரிஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. டாவித்தின் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள். நான் பஸ்ஸிலும் குளியலறையிலும் வைத்துத் தீட்டிய வசனத்தை எடுத்துவிட்டேன். டு ஈ இஷோ... உங்கள் எல்லாரோடும் வெல்ஷில் பேச வேணும், மெதுவாகப் பேசுங்கள்.

மேசை முழுக்கச் சிரிப்பு. சித்தப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

காது சூடாகியது. கோசிகா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து, “அம்மா, போதும்” என்றாள். நெரிஸ் எழும்பி வந்து என் தோளில் கைவைத்து விளக்கினார். நான் பேசியது வடக்கு வெல்ஷாம். அவர்கள் தெற்கு. இங்கே “வேணும்” என்பதற்கு இஷோ என்று சொல்லமாட்டார்களாம், மோய்ன் என்பார்களாம். இல்ஃபோர்ட்டிலிருந்து சேலை கட்டி வந்த ஒரு பெண் வடக்கு மலைக்காரி மாதிரிப் பேசினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அன்றைக்கு அந்தப் பொத்தானை அமத்தும்போது சம்பந்தி எந்தப் பக்கம் என்று பார்த்தேனா? வடக்கு என்று கண்டதும் கை தானாகப் போய்விட்டது. எங்கள் ஆட்களின் வருத்தம் இது, மருந்தில்லாத நோய்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அதன்பிறகு நெரிஸ் என்னிடம்தான் பேசினார், கோசிகாவிடம் அல்ல.

மார்ச் 23, ஞாயிறு

ரயிலில் திரும்பும்போது கோசிகா சொன்னாள்: “பேசாமல் தெற்குப் பாடத்துக்கு மாறுங்கோ அம்மா. இல்லாட்டி விடுங்கோ.”

மாறமாட்டேன். விடவும் மாட்டேன். அவர்களுக்கு விளங்குகிறது, எனக்கும் விளங்குகிறது. வேறு மாதிரித் தமிழ் பேசும் மட்டக்களப்பு ஆட்களோடு பேசும்போது நான் என் பேச்சை மாற்றினேனா?

ஏப்ரல் 17, வியாழன்

கிழமைக்கு ஒரு தரம் நெரிஸ் எனக்குப் போன் எடுக்கிறார். அவர் மோய்ன் என்கிறார், நான் இஷோ என்கிறேன். ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசினோம். பாதி விளங்கவில்லை. மற்றப் பாதி விளங்கியது.

மே 29, வியாழன்

அண்ணை போன் எடுத்தார். மணவறைக்குக் கிட்ட வராமல் எங்கே இருப்பது என்று இன்னொரு தரம் சொன்னார். முன்வரிசை, இடப்பக்கம், ஓரம். “ஓம் அண்ணை” என்றேன். இன்னும் அதே ஓம்.

ஜூன் 9, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்வரிசை, இடப்பக்கம், ஓரம். நெரிஸ் தானாகவே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். மேலே ஐயர் தாரைவார்ப்புக்கு அண்ணையையும் மச்சாளையும் கூப்பிட்டார். நெரிஸ் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று வெல்ஷில் மெதுவாகக் கேட்டார்.

பதிலுக்குத் தேவையான சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. கணவர். இறந்துவிட்டார். அதனால் நான் இங்கே. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னேன்.

நெரிஸ் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் இன்னும் முடிக்கவில்லை, காரணம் இனித்தான் வரப்போகிறது என்று நினைத்துப் பொறுமையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தேடினேன். வெல்ஷில் தேடினேன், டொச்சில் தேடினேன், தமிழில் தேடினேன். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

வசனத்தை நடுவில் விடக்கூடாது. எனக்குத் தெரிந்த முதல் வசனத்தையே எடுத்தேன். டு ஈ இஷோ மின்ட் அனோ. எனக்கு அங்கே போக வேணும்.

நெரிஸ் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஏறிப் போனேன். பின்னால் சனம் குசுகுசுத்தது கேட்டது. அண்ணை குனிந்து, “நகுலா, இப்ப என்ன?” என்றார்.

“செம்பு எனக்கு வேணும் அண்ணை. தண்ணி நான் வார்க்கிறன்.”

தமிழில் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஐம்பத்தாறு வயது வரவேண்டியிருந்தது.

அண்ணையின் முகம் கறுத்தது. மச்சாள்தான் செம்பை என் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் உரத்துச் சொன்னார், அவ்வளவுதான். கோசிகாவின் கைமேல் தண்ணீர் விட்டேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. கை ஆடாமல் விட வேண்டுமே.

சாப்பாட்டு மேசையில் அவள் என்னிடம் குனிந்து, “நெரிஸ் அன்ரியோட அப்ப என்ன கதைச்சனீங்கள் அம்மா?” என்று கேட்டாள். “எனக்கு வேணும் எண்டு சொன்னனான்” என்றேன்.

அந்த நேரம் டாவித்தின் சித்தப்பா, கத்தரிக்காய்ப் பால்கறியை எப்படிச் செய்வது என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். சொன்னேன், என் ஆங்கிலத்தில், தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்பதுவரை. திருப்பிச் சொல்வதற்குக் கோசிகா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தாள்.