உப்புத் தண்ணீரில் முளைத்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சர்க்கரை குறைந்ததா? அம்மாவுக்குத் தெரியாமல் இனிப்பு டீ குடிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அப்பா, நான் ஜெயித்துவிட்டேன்! இந்தக் கரையில் அழிந்தேபோனதாகப் பேராசிரியர் சொல்லிவந்த காட்டுப்புல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். முகத்துவாரத்துக்கு அப்பால் கதிரோடு நின்றது. விதைகளைப் பறித்துத் திரும்பும்போது இடுப்பளவு சேற்றில் புதைந்துவிட்டேன். பயப்படாதீர்கள், என்னை அழைத்துப்போன படகுக்காரர் கயிறு வீசினார்.

"பையை விடும்மா, கயித்தப் பிடி!"

"பையை விடமாட்டேண்ணே!"

ஒரு கையால் கயிற்றைப் பிடித்தே கரையேறினேன். செருப்பு மட்டும் போயிற்று.

விதைகளை ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் விட்டுப் போட்டோம். நேற்றுக் காலை பார்த்தால் நாற்பதில் முப்பத்தெட்டு முளைத்திருந்தன! இந்த உப்பைத் தாங்கும் குணத்தை நெல்லுக்குக் கொண்டுவர முடியுமா என்று இனி பார்க்கவேண்டும்.

பேராசிரியர் வெகுநேரம் தட்டையே பார்த்தார். "நான் சொன்னது தப்பும்மா. கட்டுரையில உன் பேருதான் முதல்ல" என்றார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குதித்தேன். பிறகு சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்புங்கள், வெயிலுக்கு ஆகும். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்